பந்து மீன்

உங்க ஆடு மூஞ்சியில நக்குமாக்கா?

நக்காதா? குடுத்து வச்சவங்க நீங்க. கொஞ்சம் தள்ளியே உட்காருங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். நாறுறேன்னு எனக்கே தெரியுது. இந்த முந்தானையைப் பாருங்க, இந்த ஓரம் பூரா அது எடுத்த வாந்தி. இது கடல் தண்ணி. இந்தக் கொழகொழன்னு இருக்கிறது எச்சில். இதோ இங்க ஒட்டியிருக்கிறது என்னன்னு எனக்கே தெரியல. தெரிஞ்சுக்கவும் வேண்டாம். உவ்வே.

நாய்தான்க்கா. உள்ள டாக்டர்கிட்ட இருக்கு. மார்ஷல்னு பேரு. நான் வச்ச பேரு இல்ல. நான் வச்சிருந்தா வேற பேரு வச்சிருப்பேன், அதை இந்தப் புள்ள முன்னாடி சொல்ல முடியாது. இது என் பொண்ணு, நிறைமதி. நாலு வயசு முடியப்போவுது. மதி, ஆட்டோட காதை இழுக்காத. அத்தைக்குக் கோவம் வரும்.

உங்க ஆட்டுக்கு என்ன? குளம்புல புண்ணா? அட, அதுக்கு மருந்து வச்சுக் கட்டிட்டா நாலு நாள்ல ஆறிடும். கவலைப்படாதீங்க. எங்க ஊர்ல நானே வேப்பெண்ணெய் வச்சுக் கட்டியிருக்கேன். நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம். முழுக்க வயக்காடு. கல்யாணம் ஆகித்தான் இந்தக் கடலோரத்துக்கு வந்தேன், அஞ்சு வருசமாச்சு. வீட்டுக்காரர் ஐஸ் ஃபேக்டரி வண்டி ஓட்டுறார். இப்ப லோடு ஏத்திக்கிட்டு கேரளா போயிருக்கார். வர புதன்கிழமை ஆகும்.

இந்த நாய் என் கொழுந்தனோடது. செங்குட்டுவன்னு பேரு. லேப்ரடாராம். கன்னுக்குட்டி மாதிரி இருக்கும். ஆசை ஆசையா வாங்குனான், வாங்குன எட்டாம் மாசம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். "அண்ணி, மார்ஷலைப் பாத்துக்கங்க"ன்னான். ஏர்போர்ட்டுல எங்க மாமியாரைக் கட்டிக்கிட்டு அழல, எங்க வீட்டுக்காரரைக் கட்டிக்கிட்டு அழல. நாயைக் கட்டிக்கிட்டு அழுதான்க்கா. அது அவன் மூஞ்சி பூரா நக்குது. வாயிலயும் நக்குது. இவன் வாயைத் தொடைக்கக்கூட இல்ல. அப்படியே உள்ள போயி பிளேன் ஏறிட்டான். பக்கத்து சீட்டுக்காரன் என்ன பாவம் பண்ணானோ.

அந்த நாக்கு எங்கெங்க போயிட்டு வருதுன்னு தெரிஞ்சா யாரும் அப்படி மூஞ்சியைக் குடுக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும். தினமும் பாக்குறவ நான்.

இருங்க, ஃபோன் அடிக்குது. அவன்தான். ஞாயித்துக்கிழமை ஒன்பது மணியானா வீடியோல வந்துடுவான். அடிக்கட்டும்.

"அண்ணி, மார்ஷலைக் காட்டுங்க." எடுத்ததும் இதுதான் முதல் பேச்சு. எப்படி இருக்கீங்க கிடையாது, அண்ணன் வண்டிக்குப் போயிட்டானா கிடையாது. ஃபோனை நாய் மூஞ்சிக்கு நேரா நான் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அவன் அங்கேர்ந்து முத்தம் குடுப்பான். இது இங்கேர்ந்து ஃபோனை நக்கும். அப்பறம் அதே ஃபோனைத்தான் நான் காதுல வச்சுப் பேசணும். சொல்லுங்க, யாருக்குத் தாங்கும்?

கடலுக்குக் கூட்டிக்கிட்டுப் போகச் சொன்னதும் அவன்தான். இது தண்ணி நாயாம், கடல்ல விட்டா சந்தோசப்படுமாம். ஞாயித்துக்கிழமை தவறாம கூட்டிக்கிட்டுப் போங்க அண்ணின்னு வாட்ஸ்ஆப்புல பேசி அனுப்பினான். அஞ்சு நிமிசம் பேச்சு. நான் குழம்பு கொதிக்க வச்சுட்டு அதைக் கேட்டேன், இறக்குற வரைக்கும் முடியல. வெயில் ஏறுறதுக்குள்ள போயிடணுமாம். மணல்ல புறங்கையை வச்சு, மெதுவா பத்து எண்ணுற வரைக்கும் கை தாங்குனாத்தான் அது கால் வைக்கலாமாம். கயிறை அவிழ்க்கவே கூடாதாம். கடல் தண்ணியைக் குடிச்சா வயித்தால போகுமாம், அதனால வீட்லேர்ந்து நல்ல தண்ணி கொண்டு போகணுமாம். மணல்ல தூண்டி முள்ளு கிடக்கான்னு பாத்துப் பாத்து நடக்க விடணுமாம். திரும்பி வந்ததும் நல்ல தண்ணியில குளிப்பாட்டி காதைத் துணியால ஒத்தி எடுக்கணுமாம்.

எங்க மாமியாருக்குக் கண் ஆபரேசன் பண்ணப்ப அந்த டாக்டர்கூட இவ்வளவு சொல்லலக்கா.

ஆனா நான் செஞ்சேன். சும்மா சொல்லல, ஒண்ணு விடாம செஞ்சேன். பத்தாவது வரைக்கும் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன், சுகாதாரப் பாடத்துல நான்தான் முதல். ஒரு வேலையை எடுத்தா அரைகுறையா செய்யமாட்டேன். அது மேல ஆசைன்னு இல்ல. நாத்தம். முதல் தடவை போனப்ப அது கடல் தண்ணியை மடக்கு மடக்குன்னு குடிச்சுட்டு வந்து, எங்க புது கோரைப்பாய்ல போச்சு பாருங்க வயித்தால. பாயைச் சுருட்டித் தூக்கிப் போட்டேன். அன்னையிலேர்ந்து ரெண்டு லிட்டர் பாட்டில்ல தண்ணியும் ஒரு கிண்ணமும் எடுத்துக்கிட்டுத்தான் கிளம்புறது. நாத்தத்துக்காகத்தான்.

என்ன கேட்டீங்க? ஆமாக்கா, உப்பில்லாம தனியாத்தான் வடிக்கிறேன் அதுக்குச் சோறு. உப்புப் போட்டா அதுக்கு முடி கொட்டும். கொட்டுனா யாரு கூட்டுறது? நான்தானே? உண்ணி எடுக்குறதும் நான்தான். கையாலதான். வெயில்ல படுக்க வச்சு, காதுக்குள்ள, கால் விரலிடுக்குல, ஒண்ணொண்ணா. நசுக்குனா ரத்தம் பீச்சும். சீ, நினைச்சாலே சோறு இறங்காது. அது பாட்டுக்குத் தலையை என் மடியில வச்சுக்கிட்டுக் கொறட்டை விடும். மகாராசா.

வீட்டுக்காரர் வண்டிக்குப் போற அன்னைக்கெல்லாம் நானும் மதியும் மட்டும்தான் வீட்ல. அது வாசப்படியில குறுக்க படுத்துக்கும். காலைல அதைத் தாண்டித்தான் கோலம் போட வெளிய வரணும். தாண்டுறப்ப வாலால கால்ல ஒரு அடி அடிக்கும். தினமும். அந்த வால் இருக்கே, விறகுக்கட்டை. ரெண்டு டம்ளர் உடைச்சிருக்கு.

இன்னைக்கும் ஆறரைக்கே போயிட்டோம். மணல்ல புறங்கையை வச்சுப் பாத்தேன், ஜில்லுன்னு இருந்துச்சு. கயிறைக் கையில ரெண்டு சுத்து சுத்திக்கிட்டேன். நம்ம கடற்கரை இருக்கே, மனுசன் போற இடமாக்கா அது? ஒரு பக்கம் உடைஞ்ச பாட்டில். ஒரு பக்கம் புள்ளைங்களுக்குக் கட்டுற ஜட்டி, உப்பி ஊறிப்போயி. கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய மனுசன் வேட்டியைத் தூக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கார், நாம வர்றதைப் பாத்தும் எந்திரிக்கல. நாய் அவரைப் பாத்து வாலாட்டுது. என் நாய்க்கு அவ்வளவுதான் அறிவு. அழுகுன நண்டு கிடந்தா அதுமேல முதுகைப் போட்டுப் புரளும், சந்தனம் பூசிக்கிற மாதிரி. நான் மூக்கைப் பொத்திக்கிட்டே அதை இழுத்துக்கிட்டுப் போறேன். மதி சிரிக்குது.

அங்க வலையைக் கரைக்கு இழுத்துப் போட்டு மீன் பிரிச்சுக்கிட்டிருந்தாங்க. ஒரு அம்மா உட்கார்ந்து வேண்டாத மீனையெல்லாம் மணல்ல வீசுறாங்க. அதுல ஒண்ணு, எப்படிச் சொல்றது, தேங்காய் அளவுக்கு உருண்டையா, காத்தடிச்ச மாதிரி உப்பிக்கிட்டு உருண்டு வந்துச்சு. வயிறு வெள்ளையா, மேல புள்ளி புள்ளியா. நாலு பல்லு, முயல் பல்லு மாதிரி. எங்க ஊர்ல குளத்து மீன், விரால், கெளுத்தி. கெளுத்தி முள்ளு குத்துனா கடுக்கும், அவ்வளவுதான். இப்படி ஒரு மீனை நான் பாத்ததே இல்ல. மதி "அம்மா, பந்து மீனு"ன்னு ஓடிப் போயி எடுத்துக்கிச்சு. தூக்கிப் போடுறதும் பிடிக்கிறதும். மார்ஷலும் குதிக்குது, அதுக்கு வீட்ல பந்து போட்டுப் போட்டுப் பழக்கம்.

அப்ப அது புள்ள கையிலேர்ந்து பிடுங்கித் தின்னுடுச்சுக்கா. அவ்வளவுதான் நடந்துச்சு. ஒரு நொடி. யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.

"பிடுங்கல. அம்மா குடுத்துச்சு."

நீ சும்மா இரு மதி. பெரியவங்க பேசுறப்ப குறுக்க பேசாதே. போயி ஆட்டுக்கு அந்தத் தழையைக் குடு.

கால் மணி நேரத்துல வாயிலேர்ந்து எச்சில் நூல் நூலா ஒழுக ஆரம்பிச்சுச்சு. அப்பறம் வாந்தி. அப்பறம் பின்னங்கால் ரெண்டும் இழுத்துக்கிச்சு, குடிகாரன் மாதிரி நடக்குது. அந்த மீன் பிரிக்கிற அம்மா ஓடி வந்தாங்க. சிங்காரவல்லின்னு பேராம், ஆட்டோவுலதான் சொன்னாங்க. வந்த வேகத்துல அது வாயைப் பொளந்து மணிக்கட்டு வரைக்கும் கையை உள்ள விட்டுத் தோண்டித் தோண்டி எடுத்தாங்க. பச்சை மீன் துண்டு, எச்சில், நுரை. எனக்குப் பாக்கவே குமட்டுச்சு. நான் செஞ்சிருக்க மாட்டேன். நான் வளத்த நாய், நான் செஞ்சிருக்க மாட்டேன், அவங்க செஞ்சாங்க.

"இது பேத்தைடி. ஈரலும் முட்டையும் பூரா விசம். எங்க தெருவுல ரெண்டு நாய் இதைத் தின்னுதான் போச்சு"ன்னாங்க. "ஆட்டோ பிடி, நிக்காதே."

ஆள் ஏத்துற ஆட்டோக்காரன் எவனும் ஏத்தல. ஈர நாய், வாந்தி, சீட்டு கெட்டுப் போவும்னுட்டான். அவங்களேதான் மீன் ஏத்துற ஆட்டோவைக் கூப்பிட்டாங்க. மீன் பெட்டிக்கு நடுவுல அதைப் படுக்க வச்சு, தலை என் மடியில. ஐஸ் தண்ணி, மீன் தண்ணி, இது வாந்தி, எல்லாம் சேர்ந்து என் புடவையில. அந்த ஆட்டோவுல வந்த நாத்தத்தை நான் ஏழு சென்மத்துக்கும் மறக்கமாட்டேன். நல்லவேளை, இந்த டாக்டர் ஞாயித்துக்கிழமையும் வீட்ல வச்சுப் பாக்குறார். வந்ததும் முதல்ல மதி கையைத்தான் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். நாலு தடவை கழுவுனேன். வாயில வச்சியான்னு கேட்டுக் கேட்டு புள்ள அழுதுடுச்சு. வைக்கலக்கா. டாக்டரும் நாக்கையெல்லாம் நீட்டச் சொல்லிப் பாத்துட்டு, பயப்படாதேம்மா, புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னுட்டார்.

நாய்க்கு மாத்து மருந்து கிடையாதாம். குளுக்கோஸ் ஏத்துறார், மூச்சுக்குக் குழாய் வச்சிருக்கார். மூச்சு நிக்காம இருந்தா, விசம் தானா இறங்குனா, பொழைச்சுக்கும்னார். இறங்கலன்னா என்னன்னு நான் கேக்கல.

ஆமா, அந்த அம்மா உள்ளதான் இருக்காங்க. நாயோட காலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அவங்க மீனெல்லாம் அங்க வெயில்ல கிடக்குது.

நான் ஏன் வெளிய இருக்கேனா? நாத்தம்தான்க்கா. எனக்கு வாந்தி நாத்தம் ஒத்துக்காது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்.

"அம்மா, நான் வாந்தி எடுத்தப்ப நீ கையில பிடிச்சியே."

அது வேற மதி. நீ என் புள்ள.

"மாசல் எடுத்ததையும் பிடிச்சியே. ஆட்டோவுல."

பாருங்க, என்னமா எதுத்துப் பேசுது. எல்லாம் அவங்க அப்பா குடுக்குற இடம்.

மறுபடியும் அடிக்கிறான் பாருங்க. இது நாலாவது தடவை. எடுத்தா என்ன சொல்றது? காட்டுங்கன்னுதான் கேப்பான். உள்ள போயிதானே காட்டணும்.

அவன் சொல்லியிருந்தான்க்கா. அந்த அஞ்சு நிமிசப் பேச்சுல கடைசியா. கரையில கிடக்கிற எந்த மீனையும் வாயில வைக்க விடாதீங்க அண்ணின்னு. நான் சிரிச்சேன். கடலுக்குப் போயி மீன் திங்காம வர்றதுக்கு அது என்ன அமாவாசை விரதமா இருக்குன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். மீன்ல விசம் இருக்கும்னு யாருக்குத் தெரியும்? எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது. நீங்க கடலோரத்து ஆளு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இங்க பொறந்த புள்ளைக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும். அதனாலதான் அந்த அம்மா வெவரம் சொல்லல, சத்தம் மட்டும் போட்டாங்க.

ஆமா, சத்தம் போட்டாங்க. முன்னாடியே. மதி அதை வச்சு விளையாடுறப்பவே.

"ஏய் புள்ள, அதைக் கீழ போடு! தொடாதே! தாய்க்காரி எங்க பாத்துக்கிட்டு நிக்கிறா?"ன்னாங்க.

எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சுக்கா. தாய்க்காரி எங்க பாத்துக்கிட்டு நிக்கிறான்னா? நான் புள்ளையைப் பாக்காத தாயா? நாலு பேரு வலை இழுக்குற இடத்துல. "இங்கதான் நிக்கிறேன். வேண்டாம்னு தூக்கிப் போட்ட மீனுக்கு இத்தனை கூப்பாடா?"ன்னேன். அவங்க, "ஏன், திங்கவா போற?"ன்னு கேட்டாங்க. பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. இப்ப யோசிச்சா, சிரிச்சது வெளியூர்க்காரின்னுதான், வேற ஒண்ணும் இல்ல. அப்ப எனக்கு அப்படித் தோணல. ஒரு மீனுக்கு வக்கில்லாதவன்னு சிரிக்கிறாங்கன்னு தோணுச்சு. "நாங்க திங்கல, எங்க நாய் திங்கும்"னு சொல்லிட்டு மதி கையிலேர்ந்து வாங்கி நானேதான்...

"நான் சொன்னேன்ல?"

ஆமாடி, நீ சொன்ன.

நானேதான்க்கா குடுத்தேன். அது வாங்கவே இல்ல முதல்ல. மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. அழுகுன நண்டுல புரளுற நாய்க்கா, அது வேண்டாம்னுச்சு. என் மூஞ்சியைப் பாத்துச்சு. நான் "தின்னுடா"ன்னேன். அந்த அம்மா கையை ஆட்டிக்கிட்டு ஓடி வர்றாங்க. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நாய் வாயிலேர்ந்துகூடப் பிடுங்க வர்றா பாரு, இவ்வளவு கஞ்சத்தனமான்னு நினைச்சேன். "சீக்கிரம் முழுங்குடா மார்ஷல், சீக்கிரம்"னேன். நான் சொன்னா கேக்கும் அது. கொழுந்தன் சொன்னாக்கூடக் கேக்காது, நான் சொன்னா கேக்கும். கேட்டுடுச்சு.

அப்பலேர்ந்து அது நாத்தம், இது நாத்தம்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்ல? என்னை நினைச்சாத்தான்க்கா இப்ப குமட்டுது. ஒரு வாய்ப் பேச்சுக்கு.

அவங்க வந்து சேர்றதுக்குள்ள நாயையும் புள்ளையையும் இழுத்துக்கிட்டு, கூப்பிட்டதைக் காதுல வாங்காம தள்ளிப் போனவ நான். அந்த அம்மா ஆட்டோவுல ஒரு வார்த்தை கேக்கலக்கா. ஏன் குடுத்தேன்னு கேக்கல. "புள்ள தின்னுருந்தா"ன்னு ஒரு தடவை சொல்லிட்டு, பாதியில நிறுத்திட்டு, நாய் காதைத் தடவிக் குடுத்துக்கிட்டே வந்தாங்க. திட்டியிருந்தா எதுத்துப் பேசியிருப்பேன். எனக்கு அது நல்லா வரும்.

ஃபோன் நின்னுடுச்சு. அவனுக்கும் பயம் வந்திருக்கும். நான் எடுக்காம இருந்ததே இல்ல.

அக்கா, உங்களை டாக்டர் எப்படியும் கூப்பிடுவார், ஆனா அதுக்கு முன்னாடி ஒரு உதவி பண்ணுவீங்களா? ஆட்டை நான் பிடிச்சுக்கிறேன், மதியும் பிடிச்சுக்கும். நீங்க ஒரு எட்டு உள்ள போயி எட்டிப் பாத்துட்டு வாங்க. பக்கத்துல போகணும்னு இல்ல, வாசல்ல நின்னாப் போதும். என் பேரு வெண்ணிலா, வெண்ணிலா வெளிய இருக்கான்னு அது காதுல விழுற மாதிரி சொல்லுங்க. சொல்லிட்டு வாலைப் பாருங்க. ஆட வேண்டாம், நுனி அசைஞ்சாக்கூடப் போதும். அசைஞ்சா ஓடி வந்து சொல்லுங்க.

அசையலன்னா ஒண்ணும் சொல்ல வேண்டாம்க்கா. மெதுவா வந்து உட்கார்ந்து உங்க ஆட்டைப் பத்தி ஏதாவது பேசுங்க. குளம்புப் புண்ணு எப்படி வந்துச்சு, எத்தனை குட்டி போட்டுச்சு, எதுவானாலும். நான் புரிஞ்சுக்கிறேன்.